கம்புகள் பறக்கவில்லை

கிள்ளான்,
ஏப்ரல் 2

அன்புள்ள கமலநாதனுக்கு,

கிரிகரி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் நீ என் எண்ணைத் தடுத்து வைத்து ஒரு வருடமாகிறது. அதனால் உன் மகள் வாணியிடம் கெஞ்சி இந்த பெர்த் முகவரியை வாங்கினேன். லெட்சுமியும் பேரப்பிள்ளையும் சுகமா? இங்கே கெர்ட்ரூட்டுக்கு முழங்கால் வலி. எனக்குத் திமிர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

போன வருடம் மோரிப் கரையில் நமக்குள் முறிந்ததே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பறவைகளை எண்ணி, எண்ணை உள்ளங்கையில் எழுதி, ஒரே நேரத்தில் விரித்துக் காட்டுவது நம் வழக்கம். வித்தியாசம் பத்தைத் தாண்டினால் மறுபடி எண்ண வேண்டும், அது நீ வைத்த சட்டம். அன்று உன் கையில் 169, என் கையில் 212. மறுபடி எண்ணலாம் என்றாய். நான், கூட எண்ண வந்த எட்டுப் பேர் முன்னால், "கண்ணு தெரியலன்னா வீட்டுல கெட லா, ஏன் வந்து உயிர வாங்குற" என்று கத்தினேன். என் எண்தான் பதிவாயிற்று. நீ பஸ் ஏறி உன் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குப் போனாய். ஆறு மாதம் கழித்து நீ நாட்டை விட்டே போனதை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வருடமும் போனேன். கணக்கெடுப்புக்கு ஆள் திரட்டுகிற ஷெர்லி தன் காரில் அழைத்துப் போனாள். ஜெஞ்சாரோமில் தே தாரிக் குடித்துவிட்டுக் கரைக்குப் போனபோது மாலை மணி ஐந்து. உனக்குப் பிடித்த கர்லூ, அந்த வளைந்த நீள மூக்குக்காரர்கள், சேறெல்லாம் நின்றன. எண்ணினோம். எனக்கு 207, அவளுக்கு 164. அவளைத் திட்ட வாயெடுப்பதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது.

முதலில் ஒன்று கத்தியது, பிறகு எல்லாம் கத்தின. முப்பது நாற்பதாக எழும்பி, கரைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, கோணல் வரிசை கட்டி வடக்கே போயின. ஒரு குழு பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து இறங்கியது, கொஞ்ச நேரத்தில் அதுவும் போயிற்று. இருபது நிமிடம்தான். வலது பக்கம் மட்டும் ஒரு கூட்டம் அசையாமல் நின்றது. இதுங்களுக்குப் போக மனசில்ல போல என்றேன். ஷெர்லி என் முகத்தையே பார்த்தாள். "எல்லாம் பறந்தாச்சு அங்கிள். அது வலை கட்டுற கம்பு லா" என்றாள், மெதுவாக.

அங்கே வலை போடும் மலாய்க்காரரிடம் விசாரித்தோம். கம்பு நட்டு மூன்று வருடம் ஆகிறதாம். மறுநாள் தண்ணீர் வற்றியதும் நானே சேற்றில் இறங்கினேன். ஒரு செருப்பு போயிற்று. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன், நாற்பத்து மூன்று. போன வருடம் உன் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் இருந்த அதே வித்தியாசம்.

இரண்டு கண்ணிலும் புரையாம், குறைந்தது இரண்டு வருடமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஈஸ்டர் முடிந்ததும் ஒரு கண்ணுக்கு அறுவை. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்.

போன வருட எண்ணைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கமலநாதன் சொன்னதுதான் சரி என்றேன். ராஜன் விழுந்து விழுந்து சிரித்தான். மற்றவர்கள் பரவாயில்லை என்றார்கள், அதுதான் அதிகம் சுட்டது.

கமலநாதா, நான் பேசியது தப்பு. கண் போனவன் நான், பேச்சு வாங்கியவன் நீ. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீ இல்லாமல் அந்தக் கரையில் நிற்கவும் பிடிக்கவில்லை.

செப்டம்பரில் அவை திரும்பி வரும். ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போ, எங்கள் வீட்டில் அறை சும்மாதான் கிடக்கிறது. ஆண்டவர் உன் கண்களை நன்றாக வைத்திருக்கட்டும். இனி நீ மட்டும் எண்ணு. நீ சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன்.

உன்,
கிரிகரி