நாயோடு கோட்டைக்குப் போன நோம்பி

நங்கையா,

இன்று காலை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய செவலையின் கயிற்றை எடுத்தேன். உண்ணிக்காக நீங்கள் தடவிய வேப்பெண்ணெய் வாடை இன்னும் அதில் இருக்கிறது. அண்ணனுக்குப் பின் அண்ணி நீங்களும் கண்ணை மூட, வீடு பூட்டிக் கிடக்கிறது. நாய் மட்டும் என்னிடம் வந்துவிட்டது. மூஞ்சியெல்லாம் நரைத்த கிழடு, கயிற்றைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டியது.

இன்று பூப்பறிக்கிற நோம்பி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பெண்களெல்லாம் கட்டுச்சோறும் முறுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பி, ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துவிட்டு வருகிற நாள். ஆடியில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அதனால் நேற்றே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து சொல்லிவிட்டார். "இந்த வருசம் நீ ஊட்டோட இரு அம்மணி. பூக்கூடையத் தொட்டா நல்லாருக்காது."

அண்ணன் இறந்த வருடம் இதையே உங்களிடம் வந்து சொன்னதும் இதே பெரியம்மாதான். அன்று நீங்கள் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. "சரிங்க" என்றீர்கள். மறுநாள் காலையில் மொபெட்டை வெளியே தள்ளி, கால் வைக்கிற இடத்தில் செவலையை ஏற்றினீர்கள். பெரியம்மா ஓடிவந்து, "எங்க கெளம்பீட்ட?" என்றார்.

"நாயை நடத்தீட்டு வாரேனுங்க. அது ஊட்டுக்குள்ளயே கெடந்து குரைச்சுக் கொல்லுது."

நாயை நடத்தக் கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் மடியில் தயிர்ச்சோறு, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம்.

சங்ககிரிக் கோட்டை வரைக்கும் காதை விறைத்துக்கொண்டு வந்த செவலை, படிக்கட்டைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. நீங்கள் கச்சாயத்தைப் பிட்டுப் பிட்டு மேற்படியில் வைத்தீர்கள். அது ஒவ்வொரு துண்டாகத் தின்றுகொண்டே ஏறியது. கோட்டையைப் பிடிக்க வந்த படை எதுவும் இப்படி ஏறியிருக்காது. குடும்பத்தோடு இறங்கி வந்த ஒருவர் நின்று, "நாயை எதுக்குங்க கோட்டைக்குக் கூட்டீட்டு வாரீங்க?" என்று கேட்டார்.

"அதுக்கும் இன்னைக்கு லீவுங்க" என்றீர்கள்.

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் போனபிறகு நான் சிரித்தது அன்றுதான்.

உச்சியில் இடிந்த மதில்மேல் உட்கார்ந்தோம். கீழே லாரிகள் எறும்புபோல் ஊர்ந்தன. வழியில் பறித்த ஆவாரம்பூவை முதலில் செவலையின் கழுத்துப் பட்டையில் செருகினீர்கள். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், உங்கள் கொண்டையிலும் ஒரு கொத்து வைத்துக்கொண்டீர்கள். எனக்குத் திக்கென்றது. நீங்களே சொன்னீர்கள்: "உங்கண்ணன் போனது எனக்கு ஆறாத நோவு அம்மணி. ஆனாச் செத்தது நானில்லை."

சொல்லிவிட்டு அழுதீர்கள். பூவை மட்டும் எடுக்கவில்லை. செவலை உங்கள் மடியில் தலையை வைத்துக்கொண்டு மீதிச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு வருடந்தோறும் நோம்பியன்று நாயை நடத்தினீர்கள். ஊரும் அதை நாய் நடத்துவதாகவே வைத்துக்கொண்டது.

இன்று உங்கள் வழியைத்தான் நானும் நினைத்தேன். கயிற்றைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தால் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். கயிற்றைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என் கையிலிருந்த கூடையையும் பார்த்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, புருஷன் போன நாளிலிருந்து ஒரு நோம்பிக்கும் வெளியே போகாதவர். எனக்கு வழிவிடுகிற மாதிரி அவரே கேட்டார்: "நாயை நடத்தவா அம்மணி?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் இந்த நாயால் தெருமுனைக்கு நடப்பதே பெரிது. அதன் முதுகில் இன்னும் எத்தனை காலம் நாம் பொய்யை ஏற்றுவது? கோபம் வந்தது எனக்கு, நங்கையா. உங்கள் மேல் இல்லை. பூப் பறிக்கப் போவதற்கு உங்களை நாய்ச் சாக்குத் தேட வைத்தார்களே, அவர்கள்மேல்.

"இல்லீங்க பெரியம்மா. பூப்பறிக்க" என்றேன். "நீங்களும் வாரீங்களா?"

அவர் திட்டவில்லை. நாயோடு நான் ஏறிய ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

கோட்டையில் செவலை முதல் வாசலோடு படுத்துவிட்டது. அதற்குமேல் நானும் ஏறவில்லை. மூன்று கொத்துப் பறித்தேன். ஒன்றை அதன் பட்டையில் செருகினேன். ஒன்றை என் தலையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவதைக் கூடையில் போட்டு எடுத்து வந்திருக்கிறேன். இந்த மடலை முடித்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவேன்.