கறுப்பு டேப்புக்கு அடியில்

ரெய்னோ,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சுடவைத்துக் குடி.

காரில் எச்சரிக்கை விளக்கின் மேல் நீ ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நேற்று உரித்தேன். பிரேக் பெடல் உதறுகிறதென்று, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் ஃபியூஸையே பிடுங்கிப் போட்டிருக்கிறாய்! சக்கர சென்சாரில் சாலை உப்பும் துருவும் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கேட்டதற்கு, "வெறும் விளக்குதானே, ஏன் நச்சரிக்கிறே?" என்றாய்.

பனியில் விட்டுவிட்டு மிதிக்க உனக்குத் தெரியும். நம் மகள் வில்யாவுக்கு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததே வேறு: "அழுத்தி மிதிச்சுப் பிடி, மீதிய வண்டி பாத்துக்கும்." வண்டி இனிப் பார்த்துக்கொள்ளாது. அவள் எழுமுன் சாவியை ஒளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

மார்யா

பி.கு.: ஆணியில் சாவி இல்லை. அவள் பூட்ஸும் இல்லை. டயர்த் தடம் ஏரிக்கு இறங்கும் சரிவில் போகிறது. அதன் பின்னாலேயே நடக்கிறேன். சூப் கிடக்கட்டும், ஓடி வா.