மாதம் பத்துப் படம்

ஜனவரி 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே என் அப்பா வீட்டில் அப்பா, பாப்பா, நான் மூவரும் நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். ஒரு மாதம் கை நிறைய வேலை, அடுத்த இரண்டு மாதம் வாடகைக்கே திண்டாட்டம் என்று இனி என்னால் காலம் தள்ள முடியாது. இந்த வருஷத்துக்கு ஓர் இலக்கு வையுங்கள். எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். எட்டிவிட்டால் நாங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். “மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான், ஆனா அடுத்த மாசம் என்னன்னு அவருக்கே தெரியாது” என்கிறார் அப்பா. நான் என்ன பதில் சொல்ல?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாயாடி

ஜனவரி 15

என் வாயாடிக்கு,

உத்தரவுப்படி ஒட்டிவிட்டேன்: மாதம் பத்துப் படம். ஒட்டிய பிறகுதான் உறைத்தது. கல்யாணப் படம் எடுக்கிறவன் பத்து கேட்டால், பத்து வீட்டில் கல்யாணம் நடக்கட்டும் என்று அர்த்தம். நான் இறந்தவர்களின் பழைய படத்தைச் சரிசெய்து, சட்டம் போட்டுக் கொடுக்கிறவன். நான் பத்து கேட்டால்? ‘சாவு வீட்டுப் படக்காரர்’ என்பதால் வேறு வேலைக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை.

ஆனாலும் நீங்கள் இருவரும் இல்லாத வீட்டில் இருக்க முடியவில்லை. எழுதியது எழுதியதுதான். பாப்பாவுக்கு முத்தம்.

உன் படக்காரன்

ஆகஸ்ட் 2

வாயாடிக்கு,

ஊரெல்லாம் காய்ச்சல். சில மாதங்களாகப் பத்துக்குக் குறையவில்லை. போன் அடித்தால் மனசு துள்ளுகிறது. எடுத்தால் மறுமுனையில் அழுகிறார்கள். நேற்று பஸ்ஸில் ஒரு பெரியவர் விடாமல் இருமினார். இவரிடம் நல்ல படம் இருக்குமா என்று யோசித்தேன். யோசித்ததும் பயந்துபோய், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தேன்.

திரையில் முகங்களைப் பெரிதாக்கும்போது, ‘என்னத்தானே எதிர்பார்த்தே?’ என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். கணினியை அணைத்தாலும் விடுவதில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிடட்டுமா?

படக்காரன்

ஆகஸ்ட் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

கிழிக்காதீர்கள். தனியாக இருப்பதால் வருகிற பிரமை இது. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதே பையில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வாயாடி

டிசம்பர் 29

வாயாடிக்கு,

துக்க வீட்டில் நீ என் கையைப் பிடித்து, “இனிமே நம்ம வீட்டுக்கே வந்துடறோம்” என்றாய். இதைச் சொல்லாமல் உன்னை அழைத்துக்கொள்ள முடியாது. இந்த மாதம் ஒன்பதோடு நின்றிருந்தது. அன்று காலை போன் அடித்தது. யார் என்று பார்க்காமலே “அப்பாடா, வந்துடுச்சு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். உன் தம்பி. “அத்தான், அப்பா போயிட்டார். படம் ஒண்ணு வேணும்.”

என்னை என்ன செய்யலாம், சொல்.

படக்காரன்

ஜனவரி 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

அப்பாவின் படம் நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இலக்கு வைக்கச் சொன்னவள் நான். கிழிக்க வேண்டாம் என்றவளும் நான். உங்கள் மேல் கோபமும் இல்லை. ஆனாலும் பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம் என் கண் உங்கள் முகத்துக்குத்தான் போகும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.