பிக்கிளின் கூடை

விட்பி
செப்டம்பர் 14

அன்புள்ள டெல்மா ஆன்ட்டிக்கு,

நான் டாம்சின், வயது பதினைந்து. நீங்கள் குட்டியிலிருந்து வளர்த்துக் கொடுத்த பிக்கிள் இப்போது என் கட்டிலுக்கடியில் குறட்டை விடுகிறானாம். அம்மா சொல்கிறார். எனக்கெங்கே கேட்கிறது!

வளர்த்தவருக்கு ஒரு கடிதம் எழுதுவது வழக்கம் என்று நாய்ப் பயிற்சி மையத்தில் சொன்னார்கள். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் யார் பேசினாலும் எனக்கு யாரோ தண்ணீருக்கடியில் கொட்டாவி விடுவது போலத்தான் இருக்கும்.

பையன் பிரமாதம். அலாரம் அடித்தால் மூக்கால் முட்டுகிறான். நான் "என்னடா?" என்று கையை விரித்தால் சத்தம் வரும் இடத்துக்குக் கூட்டிப்போகிறான். நேற்று அடுப்பில் கெட்டில் ஊதியது. அம்மா பத்திரிகையில் மூழ்கிக் கிடந்தார். நானும் பிக்கிளும் போய் அணைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கும் ஒரு நாய் சொல்லிடலாமா?" என்றேன். அம்மா முறைத்த முறைப்பில் தேநீர் தானாகவே கொதித்திருக்கும்.

புகை வந்தால் அடிக்கும் புகை மணிக்கு மட்டும் வேறு மாதிரி. முட்டிவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்துவிடுவான். "ஆபத்து, சத்தத்துக்கிட்ட போகாதே" என்று அர்த்தமாம்.

ஒரே குறை அந்தச் சிவப்புச் சட்டை. "காது கேளாதவருக்கு உதவும் நாய்" என்று அவன் முதுகில் எழுதி என் கதையை ஊருக்கே தண்டோரா போடுகிறது. பள்ளி எனக்குப் புதுசு. அவன் வீட்டிலேயே இருந்துவிடுவதால் அங்கே யாருக்கும் என் விஷயம் தெரியாது. காதை முடியால் மூடி, உதட்டைப் பார்த்தே ஓட்டிவிடுகிறேன். ஊருக்கே காது குத்துகிறேன்!

குறும்புடன்,
டாம்சின்


லட்லோ
செப்டம்பர் 29

அன்புக் கண்ணு டாம்சினுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். கெட்டில் கதைக்குச் சிரித்ததில் கை தவறி ஹார்னில் பட்டுவிட்டது. டிப்போவே திரும்பிப் பார்த்தது.

குறட்டையைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டாயோ என்று பயந்து மறைத்துவிட்டேன். மன்னித்துவிடு.

இது எனக்கு மூன்றாவது நாய். முதல் இரண்டை ஒப்படைத்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். இவனை விட்டுவிட்டு வந்த அன்று மையத்தின் வாசலிலேயே காரை நிறுத்தி அழுதேன். இப்போது வாஃபிள் என்று ஒரு புதுக் குட்டி வந்திருக்கிறாள். அவளுக்கு அட்டைப் பெட்டிதான் படுக்கை. பிக்கிளின் கூடையை எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. அலமாரி மேல் அப்படியே இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் வை. அவனுக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை. முட்டினால் ஒரு தட்டிக்கொடுப்பு, ஒரு துண்டு தீனி. அதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம்.

ஒரு படம்கூட அனுப்பவில்லையே, ஏன்?

அன்புடன்,
டெல்மா


விட்பி
அக்டோபர் 28

டெல்மா ஆன்ட்டி,

படம் அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் படத்திலும் அவன் சட்டை போட்டிருக்கவில்லை.

சனிக்கிழமைகளில் பள்ளித் தோழி பெத்தனோடும் மற்றவர்களோடும் துறைமுகத்து மீன் வறுவல் கடைக்குப் போவேன். தெருமுனையிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துவிடுவேன். "சும்மா, வீட்டு நாய்தான்" என்று சொல்லி வைத்திருந்தேன். கடைக்காரம்மா எங்கள் ஆர்டர் எண்ணைக் கூப்பிட்டால் பிக்கிள் முட்டுவான். பெத்தன் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் முட்டுவான். எல்லோரும் பார்ப்பார்கள். நான் முழங்காலால் தள்ளி, "சும்மா கிடடா!" என்பேன். போன வாரம் மூக்கில் ஒரு தட்டு தட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஞாயிறு மதியம் அம்மா வெளியே போயிருந்தார். நான் முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தேன். தீய்ந்த நாற்றம் வந்து திரும்பினால், என் நாற்காலிக்குப் பின்னால் பிக்கிள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறான். புகை மணி அடித்திருக்கிறது, ஆனால் அவன் முட்டவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ. என்னை நிமிர்ந்து பார்த்தான். வாலை மட்டும் லேசாக ஆட்டினான், மன்னிப்புக் கேட்பது போல.

சமையலறைச் சுவர் கருப்பு. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அம்மா வந்ததும், "நாய் முட்டலையா?" என்று கேட்டார். நான், "இல்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாய் சரியில்லை என்று அம்மா மையத்துக்கு எழுதிவிட்டார். ஏழாம் தேதி மையத்திலிருந்து மிஸ்டர் ஆட்லி வருகிறார். பிக்கிள் இங்கே இருப்பானா போவானா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள்.

ஆன்ட்டி, ஒரு உதவி. இவன் குட்டியிலேயே கொஞ்சம் சோம்பேறி என்று அவருக்கு ஒரு வரி எழுதுவீர்களா? அப்படியென்றால் திருப்பிப் பயிற்சி கொடுத்து என்னிடமே விட்டுவிடுவார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

டாம்சின்


லட்லோ
நவம்பர் 2

டாம்சின்,

எழுத மாட்டேன்.

சோம்பேறியா? மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது என் வீட்டு அழைப்பு மணிக்கு என்னை முந்திக்கொண்டு ஓடியவன் அவன். சமையல் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம், நான் காதில் விழாதது போல உட்கார்ந்து, அவன் வந்து தொடும்வரை காத்திருப்பேன். கேக் எத்தனை தீய்ந்தது தெரியுமா உனக்கு? நான் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்ததை ஒரு கடையில் நின்று சிரித்துச் சிரித்தே அழித்துவிட்டாயே. கோபத்தில் முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதைவிட இது எவ்வளவோ தேவலை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. வேலையிலிருந்து நிறுத்திய நாயை முதலில் வளர்த்தவரிடம்தான் கேட்பார்கள், "நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?" என்று. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். வீடு பற்றி எரிந்திருக்கும், ஒரு பெண் மாடியில் தனியாக இருந்திருக்கிறாள், நான் எழுந்துபோய் அந்தக் கூடையைத் தூசி தட்டினேன். அப்புறம்தான் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, கண்ணு.

அதனால் என்னிடம் உதவி கேட்காதே. நீ வாயைத் திறக்காவிட்டால் அவன் எனக்குத்தான். அவன் தப்பு செய்தவன் என்ற பெயரோடு வருவான்.

டெல்மா


விட்பி
நவம்பர் 24

அன்புள்ள டெல்மா ஆன்ட்டிக்கு,

மிஸ்டர் ஆட்லி வந்ததும் முதலில் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு சட்டை, கடை, மூக்கில் தட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

"தப்பு நாய் மேல இல்லை" என்று அவர் தாளில் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று மாதம் அவகாசம். தினமும் பயிற்சி, வெளியே போனால் சட்டை கட்டாயம். அதற்குள் சரியாகாவிட்டால் உங்களிடம் வந்துவிடுவான்.

முதல் சனிக்கிழமை சட்டையோடு கடைக்குப் போனேன். பெத்தன் அதை வாசித்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்போ, நான் பின்னாலேர்ந்து கூப்பிட்டப்ப எல்லாம் நீ திரும்பாதது திமிர் இல்லையா?"

"காதுடி."

"லூசு! நான் ஒரு மாசமா உன்னைப் பத்தி எல்லார்கிட்டயும் திட்டிட்டு இருந்தேன். இப்ப நான் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும்!"

"மெதுவா சொல்லு, எனக்குக் கேட்டுடப் போகுது."

ஒரு வறுவலை எடுத்து என் மீது எறிந்தாள். பிக்கிள் அதைத் தின்னவில்லை. சட்டை போட்டிருந்தால் வேலை நேரம் இல்லையா.

வீட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் முட்டுகிறான். நேற்று புகை மணியை அழுத்திப் பார்த்தோம். முட்டிவிட்டுப் படுத்தான். அம்மா அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கடையில் இன்னும் சரியாகவில்லை. எங்கள் எண்ணைக் கூப்பிட்டால் மூக்கை நீட்டுகிறான், என் முழங்காலுக்கு ஒரு விரல்கடை தள்ளி நிறுத்திவிட்டு, முதலில் என் முகத்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்கு என்னிடம் எந்த ஜோக்கும் இல்லை. குனிந்து, அவன் மூக்கை என் முழங்காலில் நானே சேர்த்து வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இதோடு ஒரு படம் இருக்கிறது. என் முடியைக் கட்டியிருக்கிறேன், காது தெரியும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

நீங்கள் சந்தோஷப்பட்டது எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் கூடையைத் தூசி தட்டியிருப்பேன். ஆனால், ஆன்ட்டி, அதை வாஃபிளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள்
டாம்சின்