பதினைந்து நாள் இரவல்

என்னங்க,

நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் எழுதி உங்கள் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

ஆசையாக வாங்கிவிட்டு நீங்கள் படிக்காத புத்தகங்கள் நம் கட்டில் உயரத்துக்குக் கிடக்கின்றன. அப்படியிருந்தும் இரண்டு மாதமாக, வேலை முடிந்து வரும்போதெல்லாம் நூலகப் புத்தகங்களோடு முகமெல்லாம் சிரிப்பாக வருகிறீர்கள். போன வாரம் ஒன்றைப் புரட்டினேன். உள்ளே ஒரு சீட்டு. “இது உங்களுக்குப் பிடிக்கும்” என்று குண்டு குண்டான எழுத்து. பெண் எழுத்துதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “அவர் இங்க இல்லைங்களே. வேலைய விட்டு நின்னு ரெண்டு மாசமாச்சே” என்றார் எடுத்தவர்.

அப்படியே நூலகத்துக்கு வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

நீங்கள் தனியாகத்தான் இருந்தீர்கள். சீட்டெழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தவர் வழுக்கைத்தலை நூலகர்.

“வீட்ல இருக்கறத முடிச்சீங்களா?” என்று கேட்டார்.

“அது எங்க ஓடிடப்போகுது? இதுன்னா பதினஞ்சு நாள்ல திருப்பித் தரணும். வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு” என்றீர்கள்.

அவர் ஒவ்வொன்றாக முத்திரை குத்தக் குத்த உங்கள் முகம் மலர்ந்ததை அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

மற்றதை நீங்களாகச் சொல்லும்போது சொல்லுங்கள். சாப்பாடு இன்றைக்கு இரண்டு பேருக்கு வைத்திருக்கிறேன். பன்னிரண்டரைக்கு நூலகத்துக்கு வந்துவிடுவேன். எதிர் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தேகப் பிராணி