தானியப் பரணில் சிலைகள்

வுப்பர்டால்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் கவிசாவே, அவளோடு அந்த இத்தாலிய மாளிகையைப் புதுப்பிக்கும் கட்டடக் கலைஞர்களே, உங்கள் எல்லோரையும் சேர்த்தே விளிக்கிறேன். என் முறைப்பாடு உங்கள் எல்லோர் மேலும் உண்டு. மகள் இதை உங்களுக்குப் பெயர்த்துச் சொல்வாள். இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது, தங்கை லவினியாவுக்குத் தாதியர் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது, உனக்கென்று இடித்த மிளகாய்த்தூள் பொதியாகி வாசலில் இருக்கிறது. உன் நலம் எப்படி என்று கேட்கவும் விடவில்லை நீ. நேற்று நான் வாய் திறந்ததும் "அப்பா, மேடைப் பேச்சு வேண்டாம், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய், பிறகு எடுக்கவுமில்லை. ஆகவே எழுதி, படம் பிடித்து, உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன்.

சென்ற மாதம் நாங்கள் வந்தபோது மறுமலர்ச்சிக் காலத்து நாட்டுப்புற மாளிகைகளின் வரலாற்றை நீ அழகாக விளக்கினாய். கடல்வணிகம் தளரத் தொடங்கியதும் வெனிசு நகரத்துச் செல்வர்கள் சதுப்பை வடித்து வயலாக்கினார்கள், அந்த வயலை ஆளவும் கோடையில் இளைப்பாறவும் நடுவே இத்தகைய வீடுகளை எழுப்பினார்கள், கோயிலைப் போன்ற முகப்பும் இருபுறமும் தானியமும் கருவிகளும் வைக்கச் சிறகுகள் என்று நீங்கள் சொல்லும் நீள் கட்டடங்களும் அமைத்தார்கள், முன்மண்டபத்தில் நிற்கும் ஆண்டானின் கண்ணுக்கு அறுவடை முழுவதும் தெரியும் என்றாய். உள்ளே, பாதி திறந்த கதவருகே நின்ற பணிப்பெண்ணுக்கு நான் கைகூப்பி வணக்கம் சொன்னேன். அவள் சுவரில் தீட்டிய ஓவியம். "ஐயோ அப்பா, அவவுக்கு நானூறு வயசு" என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

ஆனால் கழிப்பறை தேடி இடப்புறச் சிறகுக்குள் போனபோது உயிருள்ள மனிதர்களைக் கண்டேன். திராட்சை பறிக்க வந்தவர்கள் அங்கே வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். அவர்களுள் மன்னாரைச் சேர்ந்த சிறீதரன் கூரையைக் காட்டி, "இரவிலை உத்தரம் முனகும் ஐயா, இத்தாலிக்கார வீடெல்லோ, பாட்டுப் படிக்குது எண்டு பேசாமல் படுக்கிறம்" என்றான். முகப்பிலிருந்து இறக்கிய கற்சிலைகளை நீங்கள் அடுக்கியிருப்பது அந்த உத்தரம் தாங்கும் தானியப் பரணில்தான். உன்னைக் கேட்டேன். "எங்கட வேலை முகப்பு மட்டும்தான், சிறகு எங்களுக்குள்ள வராது அப்பா" என்றாய். அறுவடை முழுவதும் தெரியும்படி கட்டிய வீட்டில் அறுப்பவன் மட்டும் எப்படி மறைந்தான், மகளே? கட்டியவர்கள் அன்று அவனைக் கண்டும் காணாதிருந்தார்கள். அதையும் சேர்த்தா நீங்கள் புதுப்பிக்கிறீர்கள்?

நேற்று நான் உன்னை அழைத்தது, சிறீதரன் தொலைபேசியில் என்னோடு பேசியதால்தான். சுவர்ப்பூச்சு உதிர்ந்து கட்டில்மேல் விழுகிறதாம், கதவு இறுகிப் பூட்ட முடியவில்லையாம், சிறகின் முனையிலுள்ள கோபுரத்துப் புறாக்கள் ஒன்றுகூட இல்லையாம், அறுவடைக்கென்று மேலும் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்களாம். உத்தரம் முனகுவதும் நின்றுவிட்டது, "இப்ப நல்ல நித்திரை ஐயா" என்று மகிழ்ந்து சொன்னான். சுமை குறையாமலே முனகல் ஓய்ந்த அந்த அமைதிதான் என்னை அச்சுறுத்துகிறது.

நீ நீடு வாழ வேண்டும், உன் கை ஏற்றிவைத்த கல் எவர் உயிரையும் பறிக்காதிருக்க இறைவன் துணை நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் தொடங்குமுன் நல்ல காலணி வாங்கு. அவை நாளைக்கு. இப்போது எழுந்து சிறகுக்குப் போ. எவருடைய இசைவுக்கும் காத்து நில்லாதே. முதலில் மனிதரை வெளியேற்றி அந்த முன்மண்டபத்தில் படுக்க வை, பிறகு சிலைகளை இறக்கு. இன்றிரவு ஒருவரும் அந்தக் கூரையின் கீழ் உறங்கக் கூடாது.

உன் அப்பா,
ஞானப்பிரகாசம்