அதி உயர் தரத்தில் ஒரு மணி நேரம்

2003 ஒக்டோபர் 9

ஜவ்பர் நானா தன் புடவைக்கடையை மறந்துவிட்டு இன்றும் என் டிவி திருத்தகத்துக் கதிரையில் இரண்டு மணி நேரம். கொழும்பில் யாரோ சொன்னார்களாம், 'ஹை டெபினிசன்' என்று ஒன்று வந்திருக்கிறது, முகத்தில் மயிரைக்கூட எண்ணலாம் என்று.

"அதிலதான் தம்பி பதியவேணும். செலவைப் பற்றி யோசியாத."

மாங்குளத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? பின்னேரம் ஆறிலிருந்து பத்து வரைக்கும் அப்புத்துரையரின் ஜெனரேட்டர்தான் எங்கள் கரண்ட். அதுவும் பல்பு மூச்சு வாங்குகிற கரண்ட்.

விஷயம் என்னவென்றால், அவருடைய அக்கா நபீஸாவின் மகன் சிறாஜ் தகப்பனோடு கட்டாரில், டோஹாவில். அங்கே குர்ஆன் ஓதும் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டான். நவம்பர் 12 டிஷ்ஷில் நேரடியாகக் காட்டுவார்கள், ஒரே ஒரு தடவை. தாய் பார்க்க முடியாது. அன்றைக்குத்தான் அவருக்கு வவுனியாவில் கண் ஒப்பரேசன். அதை விட்டால் அடுத்த திகதிக்கு ஏழு மாதம்.

ஒக்டோபர் 11

நானாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஹை டெபினிசன் வேண்டுமானால் முதலில் அந்தத் தரத்தில் ஒளிபரப்புகிற நிலையம் வேண்டும். இந்த டிஷ்ஷுக்கு அப்படி ஒன்றும் வருவதில்லை. வந்தாலும் அதற்கென்று ரிசீவர், டிவி, பதிகிற டெக் — ஐந்து இலட்சத்தில் நிற்கும். அந்தக் காசுக்கு நானாவும் அக்காவும் அப்புத்துரையரும் டோஹாவுக்கே போய் முன்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு வரலாம்.

கம்பியூட்டரில் டிவி பதிகிற 'காட்' ஒன்று பூட்டினால் ஏழாயிரம். ஆனால் இந்தக் கரண்டில் ஒரு மணி நேரத்துக்குள் கம்பியூட்டர் மூன்று தடவை நின்று எழும்பும். வீடியோ டெக், பழையது, ஒன்பதாயிரம். கசற் இருநூறு. படம் கஞ்சியில் தோய்த்து எடுத்த மாதிரி இருக்கும். கலியாண வீட்டில் படம் எடுக்கிறவர்களின் சாமான், அதை நான் தொடமாட்டேன்.

மிச்சம் டிவிடி ரெக்கோடர். கொழும்பில் ஐம்பத்தெட்டாயிரம். வெறும் டிஸ்க் ஒன்று நானூற்றைம்பது.

"ஹை டெபினிசன் இல்லைத்தானே," என்று முகத்தைத் தொங்கப்போட்டார். இல்லை நானா. இந்த ஊரில் எதுவும் ஹை டெபினிசன் இல்லை.

நவம்பர் 2

ரெக்கோடர் வந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமியும் இயக்கமும் இரண்டு பக்கமும் பெட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏதோ தாங்கள் திருத்தப்போகிற மாதிரி.

நவம்பர் 6

நபீஸா அக்கா கடைக்கு வந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்து, படியைக் காலால் தடவித்தான் ஏறினார். சிறாஜ் அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் அவருக்குப் புகைதான்.

"போகேக்க பதினொரு வயசு, தம்பி. இப்ப மீசை அரும்பியிருக்கெண்டு தகப்பன் சொன்னார். உன்ர மெசினில அது விளங்குமோ?"

விளங்கும் என்றேன். என் வேலையில் சந்தேகம் கேட்டால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவரிடம் எரிந்து விழ முடியவில்லை.

நவம்பர் 8

போட்டி நேரம் தெரியவந்துவிட்டது. டோஹாவில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியும். சிறாஜ் இரண்டாவது ஆள், முதல் அரை மணிக்குள் வந்துவிடுவான். நானா உடனே, "அது பழைய நேரத்தில எத்தினை, புது நேரத்தில எத்தினை?"

இந்தச் சனத்துக்கு இதே வேலை. கொழும்பு அரசாங்கம் மாற்றிய நேரத்தை இயக்கத்தின் பக்கமான இங்கே ஒருவரும் ஏற்கவில்லை. அதனால் ஓமந்தைக்கு அங்கால் மணிக்கூடு அரை மணி முன்னுக்கு ஓடுகிறது, இங்கால் எல்லாரும் பழைய நேரத்தில். பஸ் எத்தனைக்கு என்று கேட்டால் 'எந்த நேரத்தில?' என்று திருப்பிக் கேட்கிற ஊர். ரெக்கோடரோடு வந்த புத்தகத்தின் கடைசியில் உலக நேர அட்டவணை இருக்கிறது. டோஹாவுக்கும் ஸ்ரீலங்காவுக்கும் மூன்று மணி வித்தியாசம். ஆகவே நாலு மணி. இதில் கதைக்க என்ன இருக்கிறது?

"எதுக்கும் அரை மணித்தியாலம் முன்னுக்கே போடன், தம்பி."

முன்னும் பின்னும் விட்டுப் பதிவதென்றால் இரண்டு மணி நேர முறையில் பதிய வேண்டும். தெளிவு குறையும். ஒரு டிஸ்க்கில் ஒரு மணி நேரம் மட்டும் பதிகிற முறைதான் அதி உயர் தரம், கண்ணாடி மாதிரி. "தெளிவு வேணுமெண்டு என்ர உயிரை எடுத்தது நீங்கள்தானே நானா," என்றேன்.

நவம்பர் 12, காலை

நானாவும் அக்காவும் நேற்றே வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் டைமர் வைத்தாயிற்று: 4.00 – 5.00. அப்புத்துரையர் இன்றைக்கு மட்டும் பகலில் ஜெனரேட்டர் ஓட்டுகிறார். நான் கனகராயன்குளத்துக்கு டிஷ் பூட்டப் போகிறேன். மெஷினுக்குக் காவல் இருக்க நான் படிக்கவில்லை.

நவம்பர் 12, பின்னேரம்

போட்டுப் பார்த்தேன். படம் — என்ன படம். ஒரு ஆபிரிக்கப் பொடியன் ஓதுகிறான், தொப்பியின் நூல் வேலைகூடத் தெரிகிறது. கீழே இலக்கம் ஐந்து. பிறகு ஆறு. ஏழு. எட்டு.

இரண்டு எங்கே?

ரெக்கோடரின் மணிக்கூட்டை என் கைமணிக்கூட்டைப் பார்த்துத்தான் வைத்தேன். என் கையில் ஓடுவது பழைய நேரம். அட்டவணையில் இருப்பது ஓமந்தைக்கு அங்கால் இருக்கிற ஸ்ரீலங்கா. நாங்கள் அந்த அட்டவணையிலேயே இல்லை. மூன்றரைக்கு வைத்திருக்க வேண்டும். தேத்தண்ணிக் கடைக்காரனுக்கும் தெரிஞ்ச விஷயம். எனக்குத்தான் தெரியேல்ல. படிச்ச விசரன்.

நவம்பர் 13

அப்புத்துரையர் வந்து, "இஞ்சின் ஒருக்காலும் நிக்கேல்ல தம்பி, பக்கத்திலயே குந்தியிருந்து தண்ணி ஊத்தினனான்," என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று நான் சொன்னால் மாங்குளம் முழுக்க நம்பும். இவரைத் தவிர.

நவம்பர் 15

நானா தனியாக வந்தார். அக்காவைக் கட்டு அவிழ்க்கும்வரை வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருக்கிறார். சொன்னேன். ஜெனரேட்டர் இல்லை, கரண்ட் இல்லை, நான்தான் என்று. ஏசுவார் என்று நின்றேன்.

"ராத்தா கண்ணில கட்டோட கட்டிலில கிடந்து நேரம் கேட்டுக்கொண்டே இருந்தவ. நாலடிச்சோடன, 'இப்ப தொடங்கியிருப்பாங்கள்' எண்டனான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பி இருந்தவ." அவ்வளவுதான். போய்விட்டார்.

நவம்பர் 17

ஒளிபரப்பிய நிலையத்திடம் பிரதி கேட்டு ஈமெயில் அனுப்ப என்றே வவுனியாவுக்குப் போய் வந்தேன். அக்கா இருக்கிற வீடு இன்டர்நெற் கடை இருக்கிற அதே தெருவில்தான். போகவில்லை.

நவம்பர் 21

நபீஸா அக்கா கட்டு அவிழ்த்து ஊருக்கு வந்துவிட்டார். பதிந்திருந்ததைப் போடச் சொன்னார். ஒரு மணி நேரமும் அசையாமல் பார்த்தார்.

"இது எந்தத் தாயின்ர பிள்ளையோ, வடிவா ஓதுது." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ர மெசின் நல்ல மெசின்தான் தம்பி. எல்லாம் விளங்குது."

ஏசியிருக்கலாம்.

ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்க்கு, அதி உயர் தரத்தில், மற்றவர்களின் மகன்மார்.

நவம்பர் 24

ஈமெயிலுக்குப் பதில் இல்லை. நானா கடைப்பக்கம் வருவதில்லை.

நவம்பர் 29

லொறிக்காரர் ஒருவர் பார்சல் தந்தார். நானா தொண்ணூறில் இடம்பெயர்ந்து பன்னிரண்டு வருடம் இருந்த புத்தளம் முகாமுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே யாரோ போட்டியைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், வீடியோ கசற்றில். பெருநாளுக்கு முகாமே அதைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறது. பழைய கலியாணம் ஒன்றுக்கு மேலே பதிந்த கசற், நாடா நசிந்து.

பார்சலில் என் பெயர். நானா என் பெயருக்குத்தான் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 30

கலியாணப் படம் எடுப்பவனிடம் வாடகைக்கு டெக் கேட்டேன். "நீயோ? இதையோ?" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

டிசம்பர் 1

ஆறரைக்கு அவர்கள் வீட்டில் போட்டேன். முதலில் மணமகளின் கை கொஞ்சம், பிறகு கோடு கோடாய் மழை, அதற்குள் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு உருவம். நிறமில்லை, மூக்கு எது வாய் எது என்றில்லை. "இலக்கம் ரெண்டு, இதுதான் ராத்தா," என்று நானா எழும்பி நின்றார்.

டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். படத்தை நேராக்குகிற டிராக்கிங்கைத் திருகினேன். மழை கொஞ்சமும் குறையவில்லை. வெட்கமாக இருந்தது. "அக்கா, படம் இவ்வளவுதான் வரும்," என்றேன்.

"குரல் உடைஞ்சிட்டுது," என்றார் அவர். "தகப்பன்ர குரல் வந்திட்டுது."

திரும்பிப் பார்த்தேன். கண் இரண்டையும் மூடிக்கொண்டிருந்தார். நான் திருகுவதை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.